நகம் தடுக்காத இடம்

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் படத்துக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுக்கும் கடை என்னுடையது. இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. கருப்புச் சட்டைக்காரரான என் அப்பா ஆசையாக அறிவுமதி என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். பிள்ளை தினமும் பத்துப் பெருமாளுக்கு மூலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் லேசில் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. வெளியூர்க்காரர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும்போது நான் அவர்கள் வழியை மறிக்கிறார்களா என்று பார்ப்பவன். அப்படிப்பட்டவன் போன விஜயதசமி அன்று ஒரு மெக்கானிக் ஷெட்டில், கையிலிருந்த டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றேன்.

ஷெட் என் கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது. நடத்துகிறவன் ஹாலித். முப்பத்து மூன்று வயது. பேச்சு குறைவு, பேசுகிற பேச்சும் பாதி நேரம் வண்டிக்கு அடியிலிருந்துதான் வரும். கை நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டியிருப்பான், இடது சுண்டுவிரல் நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருப்பான். "மூக்கு நோண்டவாடா?" என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு லோடு வண்டி பழைய டீசல் ஜீப் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஷெட் வாசலில் விட்டது. ஜீப்பின் ஸ்டியரிங்கில் ஒரு பெண், நாற்பது நாற்பத்தொன்று இருக்கும். பக்கத்தில் மடியில் ஒரு துணி மூட்டையோடு அவள் மாமியார். பெண் பெயர் அனுசுயா, மாமியார் பொன்னுத்தாய். பச்சைமலையில் மேலே ஒரு ஊர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை. மற்ற நேரத்துக்கு ஆளுக்கும் மரவள்ளி மூட்டைக்கும் காய்ச்சல்காரனுக்கும் அந்த ஜீப்தான்.

ஹாலித் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டான்.

"எப்பக்கா சத்தம் வந்துச்சு?"

"எறக்கத்துல. கடைசி வளைவு திரும்பி மண்ணுரோட்டுக்கு வந்ததும். காலை எடுத்தா டொக்கு டொக்குங்குது. மிதிச்சா அடங்குது. திரும்ப எடுத்தா டொக்கு."

"கேட்டதும் என்ன பண்ணீங்க?"

"ஆஃப் பண்ணிட்டேன் தம்பி. உள்ள ஒம்போது பேரு. எறங்கி நடங்கன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டுனாங்க."

"திட்டு வாங்குனது நல்லதுக்கா. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தீங்கன்னா கிராங்க் ஷாஃப்ட் போயிருக்கும். இப்ப சேதம் பேரிங் ஷெல்லோட நிக்கும்னு நெனைக்கிறேன்."

அவள் முகத்தில் வெளிச்சம் வரவில்லை. "நிக்கும். ஆனா நிக்காது தம்பி. இது மூணாவது தடவ. அஞ்சு வருசத்துல மூணு தடவ. எப்பவும் அதே மூணாவது பேரிங்தான். தொறையூர்ல ரெண்டு பேரு புதுசு போட்டாங்க. ஒரு வருசம், ஒன்றர வருசம் ஓடும். திரும்ப டொக்கு."

அதற்குள் அவள் போன் அடித்தது. மலையிலிருந்து அவள் புருஷன் இளவரசன். சிக்னல் சரியில்லாத ஊர்க்காரன், அதனால் கத்திப் பேசுகிற பழக்கம் போலிருக்கிறது. எனக்கு என் கடை வரைக்கும் கேட்டது.

"என்னான்னு சொன்னாங்க?"

"இஞ்சினப் பிரிக்கணுங்க."

"பிரிச்சு என்ன பண்றது? இரும்புக் கடைக்காரன்கிட்டச் சொல்லிட்டேன். விஜயதசமிக்கு மறுநாள் காலைல லாரி கொண்டாரான். அதுக்குள்ள வண்டி ஒழுங்கா மலையேறி வந்தா வெச்சுக்க. இல்லன்னா ஏத்தி விட்டுருவேன். வண்டியக் கொற சொல்லிப் பிரயோசனம் இல்ல அனுசு. நீ ஓட்டற ஓட்டு அப்படி."

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பொன்னுத்தாய் மட்டும் யாரையும் பார்க்காமல், "பலாமரத்துலேருந்து விழுந்து கை போன நாள்லேருந்து அவன் வாயி இப்படித்தான்," என்றாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் வரைக்கும் ஜீப்பை இளவரசன்தான் ஓட்டியிருக்கிறான். வலது கை மேலே தூக்க வராமல் போனதும் இவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். மலைப்பாதையில், வளைவுக்கு வளைவு, ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க. வண்டி இரும்புக்குப் போனால் அவளுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி; அவள் தங்கை அங்கே இடம் பார்த்தும் வைத்திருந்தாள். "மெஷின் முன்னாடி உக்காந்துருவேங்க. உக்கார முடியாதுன்னு இல்ல," என்று என் மனைவி ரஞ்சனியிடம் சொன்னாளாம். "ஆனா பேரிங்கு போறது என் காலாலதானான்னு தெரியாமயே போயிருவேனே, அதுதான்." இருவரும் அத்தனை நாளும் எங்கள் வீட்டில்தான் படுத்தார்கள்.

ஹாலித் இஞ்சினை இறக்கிப் பிரித்தான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாலு பிஸ்டன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இரும்புக் கை கீழே இறங்கி கிராங்க் ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றுகிறது. அந்தக் கைதான் கனெக்டிங் ராடு. அது ஷாஃப்டைப் பிடிக்கிற வளையம் இரண்டு பாதி. மேல் பாதி ராடோடு இருக்கும். கீழ் பாதி தனி மூடி, இரண்டு போல்ட்டில் நிற்கும். வளையத்துக்கு உள்ளே மெல்லிசாக இரண்டு பிறைத் தகடு, அதுதான் ஷெல். பழைய ஷெல்களை வரிசையாக என்னிடம் வாங்கிய கண்ணாடித் துண்டின் மேல் பரப்பினான். மூன்றாவதில் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. இரண்டாவதும் சுமார்தான்.

"அறிவண்ணே, இங்க பாருங்க. தேய்ஞ்சா நடுவுல தேயணும். இது ஓரத்துல தேய்ஞ்சிருக்கு."

"அதனால?"

"தெரியல."

ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் குறுக்கும் நெடுக்கும் அளந்தான். தேயாமல் தப்பியிருந்தது. ஆயுத பூஜை அன்று காலையில், கடைகள் பூஜை போட்டு மூடுவதற்குள் புது ஷெல் வாங்கி வரலாமென்று திருச்சி பாலக்கரைக்குக் கிளம்பினான். பிஸ்டன்களின் தலையில் எண் குத்தியிருந்தது, ராடும் அதோடு இருந்தது. மூடிகளில் மட்டும் எண் இல்லை. எப்போதோ யாரோ பழைய ராடுகளை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஹாலித் மூடிகளில் சாக்பீஸால் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். அதுதான் அவன் செய்த தப்பு.

பதினோரு மணிக்கு அவன் பைக்கை நிறுத்தும்போது நான் கடையில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்குள் போனவன் சத்தமே போடவில்லை. அதனாலேயே நான் எட்டிப் பார்த்தேன்.

தலைவாழை இலை விரித்திருந்தது. அதன் மேல் பிஸ்டனோடு நாலு ராடு, நாலு மூடி, போல்ட்டுகள், ஸ்பேனர்கள், போல்ட்டை அளவாக இறுக்குகிற டார்க் ரெஞ்ச், மைக்ரோமீட்டர் எல்லாம் பளபளவென்று. எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். முன்னால் பொரி, கடலை, வெல்லம், அவித்த மரவள்ளிக் கிழங்கு. சூடம் எரிந்து தணிந்திருந்தது. பொன்னுத்தாய் நெற்றி நிறையத் திருநீறோடு எழுந்து நின்றாள்.

"வாங்க தம்பி. நம்ம வண்டிச் சாமான் அழுக்கா சாமி முன்னாடி இருக்கக் கூடாதுல்ல. சீயக்கா போட்டு, நார் வெச்சுத் தேச்சு, வெந்நியில அலசிட்டேன். ஒரு பிசுக்கு இல்ல பாருங்க."

ஹாலித் இலைக்கு முன்னால் குந்தினான். "மைக்ரோமீட்டருக்குமாம்மா பொட்டு வெச்சீங்க?"

"அதுக்குத்தான் மொதல்ல வெச்சேன். அதைத்தானே நீங்க துணில சுத்திச் சுத்தி வெக்கிறீங்க. பெரிய சாமான்னு தெரிஞ்சுச்சு."

"இந்த மூடி நாலுலயும் சுண்ணாம்புல எழுதியிருந்தேனே?"

"ஆமா, கிறுக்கியிருந்துச்சு. அதையுந்தான் தேச்சுட்டேன்."

கிழங்குத் தட்டோடு உள்ளே வந்த அனுசுயா அங்கேயே நின்றுவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. "நாலும் ஒரே மாதிரிதானேடா இருக்கு? எதை எதுல போட்டா என்ன?" என்றேன்.

"ஒரே மாதிரி இல்லண்ணே. ராடும் மூடியும் தனித்தனியா செய்யறது இல்ல. ரெண்டையும் போல்ட்டு போட்டு இறுக்கி ஒண்ணாக்கி, அதுக்கப்புறந்தான் நடுவுல வட்டம் கடையறாங்க. வேற மூடியப் போட்டா அது வட்டமாவே இருக்காது. கண்ணுக்குத் தெரியாது. ஷாஃப்ட்டுக்குத் தெரியும்." பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "நான்தான் எண் குத்தியிருக்கணும். சாக்பீஸ்ல எழுதினது என் சோம்பேறித்தனம்," என்றான்.

"லேத்துல குடுத்துச் சரி பண்ண முடியாதா தம்பி?" என்றாள் அனுசுயா.

"இன்னிக்கும் நாளைக்கும் எந்த லேத்துக்கா தொறந்திருக்கும்? எல்லா மெஷினுக்கும் மாலை போட்டாச்சு."

பொன்னுத்தாய்க்கு முகம் வெளுத்துப்போயிற்று. ஹாலித் எழுந்தான். இலையிலிருந்து ஒரு மூடியை எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். கிழவி வாய் திறந்து ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டாள். சாமி முன்னால் வைத்த ஆயுதத்தை அன்று தொடக் கூடாது, மறுநாள் பூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அவளுக்கு உயிர். அதை இவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல எத்தன மணிக்கும்மா எடுக்கலாம்?"

"விடியக்காலம். அஞ்சரைக்கே சூடம் காட்டிர்றேன் தம்பி."

"சரி. கம்பியும் துணியும் எலையில இல்லையே? அது போதும்."

அன்று சாயங்காலம் வரைக்கும் ஷாஃப்டில் எண்ணெய் போகிற பொடித் துவாரங்களில் கம்பியில் துணி சுற்றி விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். மூன்று மணிக்கு மழை வந்தது, புரட்டாசி மழை, தகரத்தில் அடித்த அடியில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. அனுசுயா அவனுக்கு எதிரே உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தாள். பொன்னுத்தாய் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, நனைந்துவிடாமல் முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள்.

மறுநாள் ஐந்தரைக்குச் சூடம் காட்டினாள். "எடுங்க தம்பி," என்றாள். அப்புறம் தனக்குள், "தப்பு பண்ணிட்டேன். சரியாக்கிக் குடு தாயே," என்றாள்.

சந்தனத்தையும் குங்குமத்தையும் டீசலில் கழுவி, காற்றடித்து, மூடி நாலையும் என் தடித்த கண்ணாடியின் மேல் வைத்தான். ஷெல் உட்காருகிற காடி இருப்பதால் மூடி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் குழப்பமில்லை. எது எந்த ராடுக்கு என்பதுதான் கேள்வி. அனுசுயா போனை நீட்டினாள்.

"பிரிச்சப்போ ஒரு போட்டோ எடுத்தேன் தம்பி. பாதியில என் வெரல்தான் இருக்கு. ஆனா இந்த உளிவெட்டு விழுந்த மூடி தெரியுது பாருங்க. மூணாவதுல இருக்கு."

ஒரு மூடியின் முதுகில் பழைய உளி பட்ட தழும்பு ஒன்று இருந்தது. படத்தில் அது மூன்றாவது ராடில், சந்தேகமே இல்லை. ஹாலித் முகம் தெளிந்தது. "ஒண்ணு தெரிஞ்சா மத்தத ஈஸியா புடிச்சிரலாம்." மூன்றாவது ராடில் அந்த மூடியை வைத்து, டார்க் ரெஞ்சால் கிளிக் என்று சத்தம் வருகிற வரை இறுக்கினான். ஷெல் இல்லை, வெறும் வளையம். அதற்குள் இடது கையை விட்டான்.

சுண்டுவிரல் நகம்! ராடும் மூடியும் சேர்கிற கோட்டின் மேல் அந்த நகத்தை மெல்ல இழுத்தான். திரும்ப இழுத்தான். நெற்றி சுருங்கியது.

"தடுக்குது."

"என்ன தடுக்குது?"

"நீங்க பாருங்கண்ணே."

என் நகத்தை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தபோது தெரிந்தது. நூல் கூட இல்லை, ஒரு சந்தேகம் மாதிரி. அளவு மானியை உள்ளே விட்டுப் பார்த்தான். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஏழு, வட்டம் கோணியிருந்தது. நான் சட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை மக்கு பூசி மறைக்கிறவன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"போட்டோவுல இதுதானே இருக்கு," என்றாள் அனுசுயா.

"போட்டோ பொய் சொல்லாதுக்கா. நகமும் சொல்லாது." கழற்றினான். அதே மூடியை ஒன்றாவது ராடில் போட்டு இறுக்கினான். தடுத்தது. நாலாவதில் நன்றாகவே தடுத்தது. இரண்டாவதில் போட்டான். நகத்தை இழுத்தான்.

டார்ச்சை உள்ளே அடித்து என்னைக் கூப்பிட்டான். வளையத்தின் உள்பக்கம் கடைசல் கோடுகள் மயிரிழையாகச் சுற்றிச் சுற்றிப் போயின. சேர்கிற இடத்தில் ஒரு கோடு கூட முறியவில்லை. ராடில் தொடங்கிய கோடு மூடிக்குள் அப்படியே இறங்கி, மறுபக்கம் ஏறி, தன்னிடமே வந்து சேர்ந்தது. எங்கோ ஒரு தொழிற்சாலையில், யாரோ முகம் தெரியாத ஆள், என்றோ ஒரு நாள் ஒரே மூச்சில் கடைந்த வட்டம். எத்தனை கை மாறி, எத்தனை மலை ஏறி, சீயக்காயில் குளித்து எழுந்த பிறகும் அது தன் பாதியை மறக்கவில்லை. டீ ஆறிப்போனது அப்போதுதான்.

"நகம் தடுக்கலக்கா. நீங்க பாருங்க." அனுசுயா விரலை விட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க கோடு இருக்குன்னே தெரியல தம்பி."

மற்ற மூன்றும் எட்டரைக்குள் ஜோடி சேர்ந்துவிட்டன. இரண்டாவதில் இருக்க வேண்டியது மூன்றாவதிலும், மூன்றாவதில் இருக்க வேண்டியது இரண்டாவதிலும் இருந்திருக்கிறது. ஹாலித் எழுந்து போய்ப் பழைய ஷெல்களைப் பார்த்தான். இரண்டிலும் மூன்றிலும் மட்டும்தான் ஓரத் தேய்மானம்.

"நேத்து அம்மா கலைச்சதுல மாறலக்கா இது. அதுக்கு முன்னாடியே மாறியிருக்கு. தொறையூர்க்காரங்க இருந்த மூடிய இருந்தபடியே வெச்சுப் புது ஷெல் மட்டும் போட்டிருக்காங்க. நான் எழுதின சாக்பீஸ் இருந்திருந்தா நானும் அப்படியேதான் மாட்டியிருப்பேன்." தேய்ந்த ஷெல்லைத் திருப்பிப் பார்த்தான். "ஒரு வருசம் ஓடியிருக்கும். திரும்ப டொக்குன்னிருக்கும். அம்மா கழுவினதாலதான் ஒவ்வொண்ணா பாக்க வேண்டி வந்துச்சு."

"அப்ப யாரு மாத்தினது?" என்றேன்.

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னுத்தாய்தான் சொன்னாள். "தொறையூருக்குக் குடுக்கறதுக்கெல்லாம் முன்னாடி, மொதத் தடவ இஞ்சினப் பிரிச்சது எங்க வாசல்லதான். இளவரசனே பிரிச்சு, அவனே மாட்டினான். யாருக்கும் குடுக்காம தானே செஞ்சேன்னு ஊரெல்லாம் சொன்னான். அடுத்த மாசம் மரத்துலேருந்து விழுந்தான்."

"அதுக்கப்புறந்தான் நான் ஓட்ட ஆரம்பிச்சேன்," என்றாள் அனுசுயா. மெதுவாகச் சொன்னாள். கீழே கிடந்த துணியை எடுத்து மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள்.

மூடிக்கு மூடி, ராடுக்கு ராடு எண் குத்திவிட்டுத்தான் ஹாலித் புது ஷெல்லைத் தொட்டான். விரல் படாமல் துணியால் பிடித்து உட்காரவைத்தான். பிறகு ஒரு சின்ன உறையிலிருந்து பச்சை நிறத்தில் மெழுகு நூல் ஒன்றை எடுத்து, ஒரு துண்டு நறுக்கி, ஷாஃப்டின் மேல் படுக்கவைத்தான். மூடியை வைத்து இறுக்கினான். "யாரும் ஷாஃப்ட்ட ஆட்டிராதீங்க." கழற்றினான். நூல் நசுங்கிப் பட்டையாக ஒட்டியிருந்தது. உறையில் அச்சடித்த பட்டைகளோடு அதன் அகலத்தை ஒப்பிட்டான்.

"மில்லிமீட்டர்ல நூத்துல அஞ்சு. சரியா இருக்கு."

"அது என்னா தம்பி?" என்று பொன்னுத்தாய் குனிந்து பார்த்தாள்.

"ஷாஃப்ட்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவுல இருக்க இடம்மா. உங்க தலைமுடிய விடக் கம்மி."

"அவ்வளவு எடத்துல என்ன இருக்கும்?"

"எண்ணெய். வண்டி ஓடறப்போ இரும்பு இரும்பைத் தொடவே தொடாது. உள்ள ஒம்போது பேரு, மேல மரவள்ளி மூட்டை, மலை ஏத்தம், அத்தன கனமும் அந்த எண்ணெய் மேல மெதந்துகிட்டுப் போகுது."

பொன்னுத்தாய் வாயில் கை வைத்தாள். "ஏ அனுசு, இத்தன நாளும் நாம எண்ணெய் மேலயா போய் வந்தோம்?"

எனக்கும் அதே கேள்விதான். வருடா வருடம் எத்தனை ஆயிரம் வண்டி இந்த வாசல் வழியாகப் போகிறது! ஒவ்வொன்றுக்குள்ளும் மயிரிழைக்கும் குறைந்த எண்ணெய் மேல் நிமிஷத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் சுற்றுச் சுற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொன்னால் ரஞ்சனி கூடச் சிரிப்பாள்.

நூலை வழித்துத் துடைத்து, ஷெல்லில் விரலால் எண்ணெய் தடவி, ஒவ்வொரு மூடியாக இறுக்கினான். ஒன்று இறுக்கியதும் ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். பிறகுதான் அடுத்தது. நாலாவதும் முடிந்ததும் அனுசுயாவைச் சுற்றச் சொன்னான். இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். வெண்ணெயில் சுற்றுவது போல் சுற்றியது. மத்தியானம் ரஞ்சனி புளியோதரை கொடுத்தனுப்பினாள், நின்றுகொண்டே சாப்பிட்டோம். செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் இஞ்சினைத் தூக்கி வண்டிக்குள் இறக்குவதற்கு நானும் தோள் கொடுத்தேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது.

ஐந்து மணிக்கு எல்லாம் மாட்டி முடிந்தது. டீசலை அடைத்துவிட்டு, எண்ணெய் எங்கும் ஏறட்டும் என்று வெறுமனே சுற்றவைத்தான். ஸ்டியரிங்குக்கு முன்னால் எண்ணெய் அழுத்தம் காட்டுகிற சிவப்பு விளக்கு அணைந்தது. "இப்ப நீங்க போடுங்கக்கா."

அனுசுயா சாவியைத் திருப்பினாள். இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. டீசல் ஜீப் போடுகிற எல்லாச் சத்தமும் போட்டது. மிதித்தாள், காலை எடுத்தாள். திரும்ப மிதித்தாள், எடுத்தாள். டொக்கு வரவில்லை. ஐந்து வருடமாக அவள் காதில் வந்து வந்து போன அந்தச் சத்தம் இல்லவே இல்லை.

போன் அடித்தது. இளவரசன்தான். அனுசுயா எடுப்பதற்குள் பொன்னுத்தாய் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டேய் இளவரசா. நல்லாக் கேளு. மூணு தடவ பேரிங்கு போனது இவ காலால இல்ல. உன் கையால. ரெண்டாவது மூடியையும் மூணாவது மூடியையும் மாத்தி மாட்டினது நீ. ... ஆமாடா, நீதான். அளந்து பாத்தாச்சு. ... நானும் கழுவறேன்னு எல்லாத்தையும் கலைச்சுத்தான் வெச்சேன். ஆனா நான் ஒத்துக்கிட்டேன். நீ என்ன பண்ணப் போற?"

கிழவி போனை மருமகளிடம் கொடுத்தாள். அனுசுயா இறங்கி வந்து போனை பானெட்டுக்கு அருகே பிடித்து, ஆக்சிலேட்டரை மிதிக்கும்படி ஹாலித்துக்குச் சைகை காட்டினாள். இஞ்சின் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. பிறகு காதில் வைத்துக்கொண்டாள். கத்திப் பேசுகிற ஆள்தான் என்றாலும் இந்த முறை அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. "ம்," என்றாள். "ம். கிளம்பிட்டோங்க." போனை வைத்துவிட்டு வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி சொன்னான்?" என்றாள் பொன்னுத்தாய், பக்கத்தில் ஏறி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

"லாரிக்காரன வர வேணாம்னு சொல்லிட்டாராம் அத்தே."

"அவ்வளவுதானா?"

அனுசுயா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கியரைப் போட்டாள்.

"நீ ஓட்டற மாதிரியே ஓட்டிட்டு வான்னாரு."